பங்கோரில் அப்பா அம்மாவின் 40-ஆவது கல்யாண நாள்: 500 வெள்ளிக்குள் என்ன செய்யலாம்?

கித்தாக்காட்டுப் பெண் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஆவணியில் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 40 வருஷம். நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் சிங்கப்பூரில், தங்கச்சி ஈப்போவில், நான் இங்கே தாமானில் அவர்களோடு. எல்லாரும் சேர்ந்து பங்கோர் தீவுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம். தெலுக் நிப்பா பக்கம் அறை பார்த்துவிட்டேன், முன்பணம் இன்னும் கட்டவில்லை. பங்கோர் போவது அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகள் விடுமுறைக்குக் கூட்டிப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண நாளுக்காகத்தான் போகிறோம் என்று தெரிந்தால் அம்மா "எனக்குக் கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார், அப்பா டீவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்தில் மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கையை விட்டு வெளியே வந்தோம். அப்பா இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கிறார், அம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் உதவிக்குப் போகிறார். தங்களுக்கென்று யாராவது காசு செலவு பண்ணினால் இருவருக்குமே தாங்காது. போன தீபாவளிக்கு அம்மாவுக்கு 180 வெள்ளியில் ஒரு சேலை எடுத்தேன். எப்படியோ விலை தெரிந்துபோய், இன்றுவரை கட்டவில்லை, அலமாரியில் அப்படியே கிடக்கிறது.

அறை, படகு, பெட்ரோல் எல்லாம் தனிக் கணக்கு, அதை மூன்று பேரும் பிரித்துக்கொள்கிறோம். கொண்டாட்டத்துக்கென்று என்னிடம் இருப்பது 500 வெள்ளி. அண்ணனிடம் கேட்டால் கொடுப்பான்தான், ஆனால் கொடுத்த கையோடு "ஹோட்டல்லயே செய்யச் சொல்லிடு" என்று விஷயத்தையும் முடித்துவிடுவான். ஹோட்டலில் விசாரித்தேன், கடற்கரையில் மேசை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி இரண்டு பேருக்குச் சாப்பாடு 380 வெள்ளியாம். மிச்சப் பேர் என்ன செய்வது, தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதா?

இன்னும் சில தகவல். அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்பப் படி ஏற முடியாது. பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் மூன்று பேர். கேக்கைப் படகில் எப்படிக் கொண்டுபோவது? இதுபோலச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பந்தாய் பையன்

சிஸ், ரொம்ப யோசிக்கிறீர்கள். அந்த 380-ஐயே எடுத்துவிடுங்கள். ஆயுசுக்கும் ஒருமுறைதானே? மணலில் விளக்கு, இதய வடிவப் பலூன், பின்னால் சூரியன் இறங்குகிறது, ஒரு ட்ரோன் எடுத்துப் பறக்கவிட்டால் வீடியோ சும்மா அள்ளும். மிச்சப் பேர் பக்கத்துக் கடையில் நாசி கோரெங் சாப்பிடுங்கள், முடிந்தது கதை.

ஈப்போ வள்ளி

தம்பி சொல்வது தம்பி வயசுக்குச் சரி. இவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள், அதிலும் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். எங்கள் அம்மா இன்றைக்கும் அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை, "இந்தாங்க", "உங்கப்பாவைக் கூப்பிடு", இவ்வளவுதான். அப்படிப்பட்ட இரண்டு பேரை மணலில் எதிரெதிராக உட்கார வைத்து, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, போகிற வருகிறவன் எல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் அவர்கள் எங்கே பார்ப்பார்கள்? தட்டைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தட்டில் இருப்பதும் அவர்களுக்குப் பிடித்ததாக இருக்காது. அம்மா பாதியைத் துணித்தாளில் மடித்துப் பேரப்பிள்ளைக்கு எடுத்து வைப்பார்.

தங்கச்சி, நான் சொல்வதைக் கேள். பங்கோர் டவுன் பக்கத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது, மாசி மகத்துக்குக் கூட்டம் அலைமோதும். "பங்கோர் வரைக்கும் போயிட்டு அம்மனைப் பார்க்காம வரலாமா" என்று சொல், உன் அம்மாவே முதல் ஆளாகக் கிளம்பி நிற்பார். முன்கூட்டியே கோயிலில் பேசி ஓர் அர்ச்சனைக்கு ஏற்பாடு செய்துகொள். ஒரு ஜோடி மாலையைக் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் ஐயரிடம் கொடுத்துவிடு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் பிள்ளைகள் "மாலை மாத்திக்குங்க, மாத்திக்குங்க" என்று கை தட்டினால் இரண்டு பேரும் வெட்கப்பட்டு நழுவிவிடுவார்கள். ஐயர் அர்ச்சனை முடித்து, தட்டிலிருந்து மாலையை எடுத்து, "அம்மாவுக்குப் போடுங்க" என்று உன் அப்பா கையில் கொடுத்தால் என்ன செய்வார்? சாமி மாலையை வேண்டாம் என்று சொல்ல அந்தத் தலைமுறைக்கு நாக்கு வராது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அப்பா ஒரு நிமிஷம் என்னை முறைத்தார், அப்புறம் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாரே பார், அந்த நிமிர்வை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மாலையை ஈப்போவிலேயே கட்டச் சொல்லி வாங்கிக்கொள், தீவில் தேடிக்கொண்டிருக்காதே. ஈரத் துணியில் சுற்றி மீன் வாங்கப் போகிற ஐஸ் பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் காலை வரைக்கும் தாங்கும். ஆனால் ஐஸ் கட்டி நேரே பூவில் படக்கூடாது, கறுத்துவிடும். பெட்டியை யாராவது திறந்து பார்த்தால் என்ன சொல்வது என்பதையும் இப்போதே யோசித்து வை. பிள்ளைகள் கட்டாயம் திறப்பார்கள்.

சித்தியவான் மீன்காரன்

நான் இந்தப் பக்கத்து ஆள் என்பதால் போக்குவரத்து மட்டும் சொல்கிறேன், கோயில் விஷயத்தை அக்கா சொல்லிவிட்டார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ, ஸ்ரீ இஸ்கண்டார், ஆயர் தாவார், சித்தியவான், அப்புறம் லூமுட். வழியில் நிற்காமல் வந்தால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் போகும் படகில் காரை ஏற்ற முடியாது, லூமுட்டிலேயே நிறுத்திவிட்டு ஏற வேண்டும். நாள் கணக்கில் காசு வாங்கும் நிறுத்துமிடங்கள் படகுத்துறையைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் முதலில் எல்லாரையும் சாமான்களோடு படகுத்துறை வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டுகிறவர் மட்டும் போய்க் காரை வைத்துவிட்டு வரட்டும்.

படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். கூட்டம் எழுந்ததும் புதிதாக வருகிறவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள், அடுத்ததுதான் பங்கோர் டவுன். வெளியே வந்தால் இளஞ்சிவப்பு வேன்கள் வரிசையாக நிற்கும், அதுதான் அங்கே டாக்சி. பத்துப் பேருக்கு ஒரு வேன் பத்தாது. ஏறுவதற்கு முன்னால் தெலுக் நிப்பாவுக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், மறுநாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் அப்போதே பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகள் வரும், பழத்துண்டு எடுத்து நீட்டினால் கையிலிருந்தே வாங்கித் தின்னும். காசே இல்லாத வேடிக்கை, பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் அம்மா எப்படியும் நெத்திலிக் கருவாடு வாங்கக் கிளம்புவார், அதற்கு டவுனில் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். தடுக்கப் பார்க்காதீர்கள், முடியாது. 2020-லிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் சாக்லேட் கடைகளும் நிறைய, பிள்ளைகளை அந்தப் பக்கம் எப்போது விடுவது என்பது உங்கள் பாடு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹோட்டலை விடுங்கள். மீன் சமைத்துக் கொடுக்கும் கடைகளில் பெரிய மேசை கேட்டால் பத்துப் பேரும் ஒன்றாக உட்காரலாம். மீனை நிறுத்துத்தான் விலை போடுவார்கள், அதனால் சமைக்கச் சொல்வதற்கு முன்னால் எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை வெள்ளி என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு பெரிய சியாக்காப் மீன், கொஞ்சம் இறால், கணவாய், கங்கோங் கீரை, சோறு. இதற்கு மேல் எதற்கு?

கேக்: கிரீம் போட்டது வேண்டாம், லூமுட் வெயிலில் காருக்குள்ளேயே பாதி வழிந்துவிடும். வெண்ணெய் கேக்கைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வரலாம்.

கித்தாக்காட்டுப் பெண்

வள்ளி அக்கா, படித்ததும் கண் கலங்கிவிட்டது, நிஜமாக. மாலை கட்டாயம் உண்டு. சேலைக்கும் வழி பிறந்தது, கோயில் என்றால் அம்மா நல்ல சேலைதான் எடுத்து வைப்பார், அந்த 180 வெள்ளிச் சேலையை நானே பைக்குள் திணித்துவிடுகிறேன்.

ஆனால் இப்போது புதுக் குழப்பம். அறைக்குத் தேதி போட வேண்டும் என்று நேற்று அப்பாவின் கோப்பைத் திறந்து பார்த்தேன். திருமணச் சான்றிதழில் 1985 ஏப்ரல் என்று இருக்கிறது. அம்மா எப்போதும் ஆவணிக் கல்யாணம் என்றுதான் சொல்வார். தங்கச்சி "அப்ப நாம கொண்டாட வேண்டிய நாளே போயிடுச்சா" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டு வைத்து, அண்ணன் "யாருக்குமே சரியாத் தெரியாதா" என்று கத்த, குழுவில் ஒரே ரகளை. அம்மாவிடம் நேராகக் கேட்கவும் முடியாது, மோப்பம் பிடித்துவிடுவார்.

ஓய்வு பெற்ற கிராணி (பீடோர்)

குழம்ப வேண்டாம் அம்மா, அந்தக் காலத்து ஆட்களில் பல பேருக்கு இரண்டு தேதி இருக்கும். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்னால் கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு முஸ்லிம் அல்லாத எல்லாரும் பதிய வேண்டும் என்றாகிவிட்டது. பல குடும்பங்களில் முதலில் பதிவை முடித்துவிட்டு, நல்ல மாதம், நல்ல நாள், கையில் காசு எல்லாம் கூடி வந்தபிறகு தாலி கட்டினார்கள். சித்திரையில் பதிவு, ஆவணியில் தாலி என்பது அதிசயமே இல்லை. நடுவில் ஆடி வேறு வந்துபோகுமே.

நம்மவர்களுக்குக் கல்யாண நாள் என்றால் தாலி ஏறிய நாள்தான். அதைக் கண்டுபிடிக்க அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை, கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் மாமா, சித்தப்பா வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின்னில் எங்கேயாவது ஒன்று இருக்கும். 1985 ஆவணி என்றால் மேலே குரோதன வருஷம் என்று போட்டிருக்க வேண்டும், அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆல்பத்தில் மணவறைக்குப் பின்னால் அட்டையில் வெட்டி ஒட்டிய பெயரும் தேதியும் படத்தில் விழுந்திருந்தாலும் ஆயிற்று.

இன்னொன்று. மலேசியா தினமான செப்டம்பர் 16 விடுமுறையை ஒட்டிப் போகலாம் என்று யாராவது கிளப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். உங்கள் அம்மா புரட்டாசி பிடிப்பவராக இருந்தால் பங்கோரில் உட்கார்ந்து எல்லாரும் இறால் சாப்பிட, அவர் மட்டும் கங்கோங்கும் சோறும் பிசைந்துகொண்டிருப்பார்.

கித்தாக்காட்டுப் பெண்

ஐயா, கிடைத்துவிட்டது! சின்ன அத்தை வீட்டில், பிஸ்கட் டின் இல்லை, தையல் இயந்திர டிராயருக்குள். குரோதன வருஷம் ஆவணி மாதம், 1.9.1985, ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். மஞ்சள் தடவிய ஓரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா புரட்டாசி முழுக்கச் சைவம்தான், நல்லவேளை சொன்னீர்கள்.

சித்தியவான் மீன்காரன்

செப்டம்பர் 1 என்றால் முதல் நாள் சுதந்திர தினம். அந்த வார இறுதியில் பங்கோர் வராதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். படகுக்கு வரிசை, அறைக்கு விலையேற்றம், மீன் கடையில் மேசை கிடைக்காது. வீட்டில் அன்றைக்கு ஒன்றுமே காட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டு, அந்த வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து செவ்வாய்க்கிழமை திரும்புங்கள். ஞாயிறு சாயங்காலம் கூட்டம் மொத்தமும் படகேறிப் போய்விடும், தீவு உங்கள் கையில். அறை விலையும் இறங்கும். பள்ளிப் பிள்ளைகள் இருப்பதால் அந்தச் சமயத்தில் பள்ளி விடுமுறை வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வந்தால் கூட்டமும் வரும், வராவிட்டால் இரண்டு நாள் லீவு போட வேண்டும், இரண்டில் ஒன்றுதான்.

பந்தாய் பையன்

கல்யாண நாள் அன்று வீட்டில் ஒன்றுமே சொல்லாமல் இருப்பதா? கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

ஈப்போ வள்ளி

யார், அவர்களா? தம்பி, 40 வருஷத்தில் யாரும் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்குக் காலையில் அம்மா கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வருவார், அப்பாவுக்கு மட்டும் தெரியும். நாம் அதில் தலையிடக் கூடாது.

ஸ்டூடியோக்காரன் (தைப்பிங்)

பத்திரிகை கிடைத்ததல்லவா, அப்போது கல்யாணப் படமும் இருக்கும். 500 வெள்ளியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள் என்பது என் கட்சி. மாலை வாடிவிடும், மீன் அன்றைக்கே முடிந்துவிடும், படம்தான் சுவரில் நிற்கும். தொழிலை வைத்துப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

எண்பதுகளில் வந்த ஆல்பம் பெரும்பாலும் பசை அட்டை வகை. அட்டையில் வரிவரியாகப் பசை, மேலே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். நம் ஊர் ஈரத்துக்குப் படம் அட்டையோடு ஒன்றாகியிருக்கும். நகத்தை வைத்துப் பிய்க்காதீர்கள், முகத்துத் தோல் அட்டையிலேயே தங்கிவிடும். பிளாஸ்டிக்கை மட்டும் ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் ஆல்பத்தை அப்படியே கடைக்குக் கொண்டுபோய் அட்டையோடு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் கண்ணாடியில் ஆல்பம் படியாவிட்டால் சன்னல் பக்கம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து மேலேயிருந்து படம் எடுத்தாலும் போதும், பளபளப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மஞ்சள் பூத்திருந்தால், சிவந்துபோயிருந்தால் நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், கீறலை அழிக்கலாம். ஆனால் தயவுசெய்து கைப்பேசியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு "அழகாக்கி" கொண்டுவராதீர்கள். போன மாதம் ஒருவர் அப்படிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை முகம் வழவழவென்று ஏதோ சினிமா நடிகர் மாதிரி, மீசை வேறு யாருடையதோ. அவர் அம்மா அதைப் பார்த்து "இது யாருப்பா" என்று கேட்டாராம்.

ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் படகில் உடையாது. அல்லது சட்டத்தை வீட்டில் மாட்டிவிட்டு, பங்கோருக்குச் சின்னப் பிரதி ஒன்று எடுத்துப்போங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்ததும் சுவரில் மாட்டியிருக்கும், அதற்குச் சாவி கொடுத்துவைக்க ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும், அவ்வளவுதான்.

லயத்துப்பிள்ளை (ஜோகூர் பாரு)

அதே படத்தை வைத்து இன்னொரு வேலையும் செய்யலாம், இதற்குப் பத்து காசு செலவில்லை. கல்யாணப் படத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். மாப்பிள்ளைத் தோழன், தோழிப்பெண், பின்னால் எட்டிப் பார்க்கும் சின்னப் பையன்கள், சமையலுக்கு நின்றவர்கள். தோட்டம் போனபிறகு அந்தக் கூட்டம் புந்தோங், கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று சிதறிப்போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இப்போது ஒரு புலனக் குழு இருக்கிறதே, "முன்னாள் மாணவர்கள்" என்றோ கோயில் பெயரிலோ ஏதாவது ஒன்று. அதில் படத்தைப் போடாதீர்கள், உங்கள் அப்பாவும் அந்தக் குழுவில் இருந்தால் குட்டு உடைந்துவிடும். ஒரே ஓர் ஆளைப் பிடித்துத் தனியாகப் பேசி எண்களை வாங்குங்கள்.

அவர்களிடம் வீடியோ கேட்காதீர்கள். வீடியோ என்றால் சட்டை மாற்ற வேண்டும், தலை சீவ வேண்டும், "அப்புறம் அனுப்புறேன்மா" என்பார்கள், வராது. குரல் பதிவு கேளுங்கள். "எங்க அப்பா அம்மா கல்யாணத்தன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு நிமிஷம் பேசுங்க" என்று சொன்னால் போதும், ஒரு நிமிஷம் கேட்ட இடத்தில் எட்டு நிமிஷம் வரும். எங்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இப்படித்தான் சேர்த்தோம். ஒருவர் சொல்கிறார், கல்யாணத்தன்று விடிகாலை மழையில் பந்தல் சாய்ந்துபோய், ஸ்டோரிலிருந்து ரப்பர் தாள் காயப்போடும் கம்புகளைத் தூக்கி வந்து முட்டுக் கொடுத்தார்களாம், தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்காமலே. அப்பா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னொரு பதிவில் ஓர் அம்மா பேச ஆரம்பிக்கவே இல்லை, சிரிப்புத்தான் வருகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டவுடனே எங்கள் அம்மா "ஏய், இவ மூணாவது லயத்துக்காரி" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

சாப்பாட்டுக் கடையில் போடாதீர்கள், சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ராத்திரி அறைக்குத் திரும்பி எல்லாரும் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்தபிறகு ஒரு சின்ன ஒலிபெருக்கியில் போடுங்கள். பதிவுகளை முன்னாடியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இணையம் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: படத்தில் இருப்பவர்களில் சிலர் இப்போது இருக்க மாட்டார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று முதலில் தெரிந்துகொண்டு பிறகு விசாரியுங்கள்.

ஓய்வு பெற்ற கிராணி (பீடோர்)

கிராணியிடம் கேட்காமல் கம்பு எடுத்தார்களாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் ஐயா.

கித்தாக்காட்டுப் பெண்

கிராணி ஐயா, சிரித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புகிறோம், கல்யாண நாளுக்கு அடுத்த வாரம். திங்கட்கிழமை காலை காளியம்மன் கோயில், மாலை, அர்ச்சனை. அன்றைக்கு ராத்திரி மீன் கடையில் பத்துப் பேரும் ஒரே மேசையில், கேக் பிள்ளைகளுக்காக ஒரு சின்னது. அப்புறம் அறையில் குரல் பதிவு. படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்ட எதிர்வீட்டுச் சீன ஆண்டி ஒத்துக்கொண்டார், அவர் என்னைவிட ஆர்வமாக இருக்கிறார். 500-க்குள் வந்துவிடும், மீன் எடையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. தாண்டினால் அண்ணன் தலையில்.

லயத்துப்பிள்ளை அண்ணா சொன்ன மாதிரி படத்தில் இருப்பவர்களை அத்தையிடம் விசாரித்தேன். தோழிப்பெண் காலமாகிவிட்டார். மாப்பிள்ளைத் தோழன் இருக்கிறார், எங்கே தெரியுமா, ஆயர் தாவாரில்! லூமுட் போகிற வழியிலேயே. அப்பாவும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். இப்போது தொடர்பே இல்லை, சண்டை எதுவும் கிடையாது, எண் தொலைந்துபோய் அப்படியே விட்டுப்போயிற்று. அவரிடம் பேசினேன். குரல் பதிவெல்லாம் வேண்டாம், ஆளை வீட்டுக்குக் கூட்டி வா என்று சொல்லிவிட்டார். போகும்போது கூட்டிப் போவதா, திரும்பும்போதா? போகும்போதே என்றால் அப்பா சந்தேகப்பட்டு விடுவாரோ?

ஈப்போ வள்ளி

திரும்பும்போது. போகும்போது கூட்டிப் போனால் அவர் முதல் பேச்சிலேயே "என்னப்பா, 40 வருஷம் ஆயிடுச்சாமே" என்று போட்டு உடைத்துவிடுவார். அப்புறம் உன் மாலைக்கு என்ன மரியாதை?

லயத்துப்பிள்ளை (ஜோகூர் பாரு)

நானும் திரும்பும்போது கட்சிதான், ஆனால் வேறு காரணம். போகும்போது என்றால் படகு நேரம் என்று அரை மணியில் கிளப்பிவிடுவீர்கள். 40 வருஷத்துச் சிநேகிதம் அரை மணியில் எழுந்திருக்காது. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு அங்கேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அக்காவிடம் முன்னாலேயே பேசி, சமைக்கிற பாரத்தை அவர் தலையில் போடாமல் பங்கோரிலிருந்து மீன் வாங்கிப் போய்க் கொடுத்துவிடுங்கள்.

சித்தியவான் மீன்காரன்

மீனைத் தீவில் வாங்கிப் படகில் தூக்கிச் சுமக்க வேண்டாம், பூ கொண்டுவந்த பெட்டி கையில் இருந்தாலும்கூட. கருவாடு மட்டும் அங்கே வாங்குங்கள், பச்சை மீனுக்குத் திரும்பும் வழியில் சித்தியவான் மார்க்கெட் இருக்கிறது. காலைச் சந்தைதான், மதியத்துக்குள் நல்லதெல்லாம் போய்விடும். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் சீக்கிரம் படகேறுங்கள். எத்தனை பேருக்குச் சமையல் என்று முதல் நாளே எழுதிப் போடுங்கள், என்ன மீன் வாங்கலாம் என்று சொல்கிறேன்.